அடங்கிக் கிடக்கிற பிள்ளை, துடிக்கிற பிள்ளை: தீவிர சிகிச்சை வார்டில் அளந்து பார்ப்பது எப்படி?

(கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டியது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டவும்.)

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தை ராத்திரி முழுக்க நைநை என்று அழுகிறது. தூக்கினாலும் அடங்கவில்லை, இறக்கினாலும் அடங்கவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கண்டால் பாய்கிறது. விடியற்காலையில் அழுகை நின்று போகிறது. "அப்பாடா, இப்பத்தான் கண்ணசந்தான்" என்று வீட்டில் எல்லோரும் படுத்துக்கொள்கிறோம். பல சமயம் அது தூக்கமல்ல. உடம்பில் நீர் வற்றி, அழுவதற்கும் தெம்பில்லாமல் பிள்ளை துவண்டு கிடக்கிறது. பதற்றமும் எரிச்சலும் நீர் வற்றத் தொடங்கியதற்கு அடையாளம். துவண்டு போவது மிகவும் வற்றிவிட்டதற்கு அடையாளம். டெங்குவிலும் இப்படித்தான். காய்ச்சல் இறங்கிய பிறகு பிள்ளை இருப்புக் கொள்ளாமல் தவித்தாலும் சரி, சோர்ந்து சுருண்டு படுத்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். தூங்குகிற பிள்ளையா, துவண்ட பிள்ளையா என்று சந்தேகம் வந்தால் எழுப்பிப் பாருங்கள். தூங்குகிற பிள்ளை சிணுங்கிக்கொண்டே எழுந்து பால் குடிக்கும். துவண்ட பிள்ளை எழாது, எழுந்தாலும் குடிக்காது.

அழுதால் கஷ்டம், அடங்கினால் சுகம் என்று நாம் போடும் கணக்கு நோயாளிப் பிள்ளைக்குப் பொருந்தாது. ஆஸ்பத்திரியில் இதை நாலு மணிக்கு ஒரு தடவை, தேவைப்பட்டால் அதற்கும் முன்பாகவே, எண் போட்டு அளக்கிறார்கள். அந்த அளவைப் பற்றித்தான் இந்தப் பிரசுரம்.

வார்டுக்கு உள்ளே

சென்னை எழும்பூர் குழந்தைகள் நல ஆஸ்பத்திரியிலும், மாவட்டங்களில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் குழந்தைகளுக்கென்று தீவிர சிகிச்சை வார்டு உண்டு. நிமோனியா முற்றிய பிள்ளை, மூளைக்காய்ச்சல் கண்ட பிள்ளை, பாம்பு கடித்த பிள்ளை, பூச்சிமருந்தைத் தெரியாமல் குடித்துவிட்ட பிள்ளை எல்லாம் அங்கேதான் போகும். உள்ளே போய்ப் பார்க்கிற தாய்க்கு முதலில் கால் நடுங்கும். பிள்ளையின் வாயில் குழாய். பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மெஷின். மார்பில் ஒயர்கள். கை மெத்தென்ற துணியால் கட்டிலோடு கட்டியிருக்கும். கண் மூடியிருக்கும்.

வெளியே வந்ததும் கேட்கிறார்கள்: "எம்புள்ளைக்கு நெனவு இருக்கா இல்லியா? நேத்து கைய ஆட்டுனானே, இன்னிக்கு அசையவே இல்லியே?" மறுநாள் பிள்ளை முழித்துத் துடிக்கும்போது கேள்வி வேறு: "இப்படித் தவிக்கிறானே சிஸ்டர், ஒரு ஊசியப் போட்டுத் தூங்க வைக்கக் கூடாதா?" இரண்டும் நியாயமான கேள்விகள். பதில் கிடைக்காமல் போனால்தான் வம்பு. "மயக்கத்துலயே போட்டு வச்சிருக்காங்க, எதுக்கு இங்க கெடக்கணும், ஊருக்குக் கொண்டு போயிடலாம்" என்று பெரியவர்கள் யாராவது சொல்வார்கள். அப்பா கையெழுத்துப் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மெஷினை நம்பி மூச்சு விடுகிற பிள்ளைக்கு அது சில நிமிஷத்து விஷயம்.

மயக்க மருந்து எதற்கு?

மூச்சுக்குழாய்க்குள் குழாய் இருப்பது எவ்வளவு தொல்லை என்பதற்கு, தண்ணீர் புரையேறியதை நினைத்துக்கொண்டால் போதும். பெரியவர்களிடம் "பொறுத்துக்கோங்க" என்று சொல்லலாம். இரண்டு வயசுப் பிள்ளையிடம் என்ன சொல்வது? பிடுங்கத்தான் பார்க்கும். பிடுங்கிவிட்டால் மூச்சு நின்று போகலாம். மெஷின் காற்றைத் தள்ளும்போது பிள்ளை எதிர்த்து இருமினால் காற்று சரியாக உள்ளே போகாது. அதனால்தான் வலி தெரியாமல் இருக்க ஒரு மருந்தும், அமைதியாக இருக்க ஒரு மருந்தும் கொடுக்கிறார்கள். மார்ஃபின், ஃபென்டனில் போன்றவை வலிக்கு. மிடாசோலம் போன்றவை அமைதிக்கு. மிடாசோலம் வலியைப் போக்காது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வலியோடு இருக்கிற பிள்ளையை அந்த மருந்தால் அடக்கினால், வலியைச் சொல்ல முடியாத பிள்ளையாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று ஒரு காலத்தில் டாக்டர்களிலேயே பலர் நம்பினார்கள். பிறந்த குழந்தைகளுக்குப் போதிய வலி மருந்து இல்லாமலே ஆபரேஷன் நடந்ததுண்டு. 1987-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு டாக்டர்கள், குறைமாதக் குழந்தைகளுக்கு இதய ஆபரேஷனின்போது வலி மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வலி மருந்து பெற்ற குழந்தைகளின் உடம்பு ஆபரேஷனை நன்றாகத் தாங்கியது. அதன் பிறகுதான் இந்த விஷயத்தில் வைத்திய உலகத்துக்குக் கண் திறந்தது. குழந்தைக்கு வலிக்கும் என்று நம் பாட்டிமார்களுக்கு அதற்கு முன்பே தெரியும் என்பது வேறு விஷயம்.

எப்படி அளக்கிறார்கள்?

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. மயக்கத்துக்கு அப்படி ஒரு கருவியை உடம்பில் வைத்து அளக்க முடியாது. ஆகவே கண்ணால் பார்த்து எண் போடுகிற முறையை உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் 1992-ல் வெளியான 'கம்ஃபர்ட்' அளவுகோல் இதில் முன்னோடி. அதில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தன. நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காரர்கள், பிள்ளையின் நடத்தையைப் பார்த்தாலே போதும் என்று அந்த இரண்டையும் எடுத்துவிட்டு 2005-ல் சுருக்கமான முறை ஒன்றைச் சோதித்துக் காட்டினார்கள். உலகம் முழுக்க நிறைய ஆஸ்பத்திரிகளில் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

நர்ஸ் கட்டிலருகே இரண்டு நிமிஷம் சும்மா நிற்பதுபோல் நிற்பார். சும்மா நிற்கவில்லை. ஆறு விஷயம் பார்க்கிறார். பிள்ளை எவ்வளவு விழிப்பாக இருக்கிறது. சாந்தமாக இருக்கிறதா, கலங்கியிருக்கிறதா. மெஷினோடு ஒத்துப்போய் மூச்சு விடுகிறதா, எதிர்த்து இருமுகிறதா (மெஷின் இல்லாத பிள்ளை என்றால் இதற்குப் பதில் அழுகையைப் பார்ப்பார்). கைகால் அசைவு எப்படி. முகம் தளர்ந்திருக்கிறதா, சுளித்திருக்கிறதா. கடைசியாகக் கையையோ காலையோ மெதுவாகத் தூக்கிப் பார்ப்பார். வாழைத்தண்டு மாதிரித் துவண்டு விழுகிறதா, விறைப்பாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் குறைந்தது 6, அதிகம் 30.

பள்ளிக்கூட மார்க் மாதிரி இதில் அதிகம் வாங்கினால் நல்லது என்பதில்லை. 10-ம் அதற்குக் கீழும் வந்தால் மயக்கம் தேவைக்கு மேல் ஆழமாகப் போயிருக்கலாம். 23-ம் அதற்கு மேலும் வந்தால் மருந்து போதவில்லை, அல்லது பிள்ளைக்கு வேறு ஏதோ தொந்தரவு. 11 முதல் 22 வரை நடுவே இருக்கிற பாகம்தான் பெரிசு. அங்கே எண் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. அனுபவப்பட்ட நர்ஸின் கண் வேண்டும். உங்கள் கண்ணும் வேண்டும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே தாள் இருக்காது. சில இடங்களில் பூஜ்யத்தை நடுவில் வைத்து, மயக்கத்துக்குக் கீழேயும் துடிப்புக்கு மேலேயும் எண்ணுகிற முறை உண்டு. வலிக்கென்று தனித் தாள் உண்டு. முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து 10-க்கு மார்க் போடுவார்கள். "இன்னிக்கு எம்புள்ளைக்கு எவ்வளவு வந்திருக்கு சிஸ்டர்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது தப்பில்லை.

ஆழமாகத் தூங்கினால் என்ன நஷ்டம்?

"வலி தெரியாம நல்லாத் தூங்கட்டுமே" என்று சொல்கிற தகப்பன்மார் உண்டு. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் மருந்து மிஞ்சினால் ரத்த அழுத்தம் இறங்கும். குடல் மந்தமாகி, மூக்குக்குழாய் வழியே கொடுக்கிற பால் செரிக்காது. பிள்ளை தானாக மூச்சு விடப் பழகாது, மெஷினை எடுக்க நாள் தள்ளிப் போகும். கைகால் தசை இளைத்துவிடும். வலிப்போ மூளையில் வீக்கமோ புதிதாக வந்தாலும் மயக்கத்துக்குள் மறைந்து போகும். அதனால் டாக்டர் சில நாள் காலையில் மருந்தைக் குறைத்துப் பார்ப்பார். பிள்ளை கண்ணைத் திறந்து, இருமி, கையை அசைக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

துடித்தால் உடனே ஊசியா?

இல்லை. முதலில் காரணத்தைத் தேடுவார்கள். குழாயில் சளி அடைத்திருக்கலாம், பிராணவாயு குறைந்திருக்கலாம். இதுதான் எல்லாவற்றிலும் அவசரம், ஆகையால் நர்ஸ் முதலில் மெஷினையும் குழாயையும் பார்ப்பார். "ஊசியப் போடாம கொழாயத் தடவிக்கிட்டு இருக்காங்களே" என்று கோபப்படாதீர்கள். மூச்சு முட்டித் துடிக்கிற பிள்ளையைத் தூங்க வைத்தால் துடிப்பு நிற்கும், மூச்சுமுட்டல் நிற்காது. அடுத்து வலி, காய்ச்சல், பசி, நெஞ்சு வறட்சி, ஈரத்துணி, மூத்திரக் குழாய் அடைத்து வயிறு உப்பியிருப்பது, ஊசி போட்ட கை வீங்கியிருப்பது. இவை எதுவும் இல்லையென்றால் வெறும் பயமாக இருக்கலாம். அம்மா கையைப் பிடித்ததும் அடங்குகிற துடிப்பு பயத்தால் வந்தது. அதற்கு மருந்து ஏற்ற வேண்டியதில்லை.

கையைக் கட்டியிருப்பது தண்டனை இல்லை. குழாயைப் பிடுங்காமல் இருக்கத்தான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிற நேரத்தில் அவிழ்க்கலாமா என்று கேளுங்கள். நீங்களாக அவிழ்த்துவிட்டுக் கண்ணயர்ந்துவிடக் கூடாது.

கட்டுவிரியன் கடித்த பிள்ளை

நம் பக்கத்துக் கிராமங்களுக்கு இது முக்கியம், ஆகையால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருக்கும்போது கடிக்கும். வலியும் வீக்கமும் அதிகம் இருக்காது. பல் பட்ட இடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். விடிவதற்குள் வயிற்றுவலி, பிறகு இமை தொங்குவது, எச்சில் விழுங்க முடியாமை, குரல் கம்மல், கடைசியில் மூச்சுத் திணறல். விஷமுறிவு ஊசி போட்ட பிறகும் சில நாள் வென்டிலேட்டர் தேவைப்படலாம்.

அந்த நாட்களில் பிள்ளை பிணம் போலக் கிடக்கும். இமையைத் தூக்கினால் கண்மணி அசையாது, வெளிச்சத்துக்குச் சுருங்காமல்கூட இருக்கலாம். "மூளை செத்துப்போச்சு" என்று ஊரார் முடிவு கட்டிவிடுவார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை! விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகிற கட்டளையை அடைத்திருக்கிறது. உள்ளே பிள்ளைக்கு நினைவு இருக்கலாம், நீங்கள் பேசுவது அட்சரம் அட்சரமாகக் காதில் விழலாம். வாய் அசையாது, விரல் அசையாது, அவ்வளவே. நேரத்தில் மூச்சு கொடுத்துக் காப்பாற்றினால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் முழுசாக எழுந்து நடக்கிறார்கள்.

மேலே சொன்ன ஆறு விஷய அளவு இங்கே உதவாது. அசைய முடியாத பிள்ளையிடம் அசைவை எப்படி அளப்பது? 6 மார்க் வந்தால் ஆழ்ந்த தூக்கம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் நாடித்துடிப்பு திடீரென்று ஏறுகிறதா, ரத்த அழுத்தம் ஏறுகிறதா, வியர்க்கிறதா, மூடிய கண்ணோரம் கண்ணீர் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். விழித்த நினைவோடு உடம்பு கட்டுண்டு கிடப்பது பெரிய கொடுமை. ஆகவே அசையாத பிள்ளைக்கும் அமைதி மருந்து கொடுப்பதுண்டு. அந்தக் கட்டிலருகே நின்று "இது பொழைக்காது" என்று யாரையும் பேச விடாதீர்கள். பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "பாம்பு கடிச்சுது கண்ணு, மருந்து போட்டிருக்காங்க, ரெண்டு நாள்ல கை ஆடும், அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள்.

"பேய் புடிச்ச மாதிரி பேசுறான்"

உடம்பு தேறி வருகிற சமயத்தில் சில பிள்ளைகள் விசித்திரமாக நடந்துகொள்ளும். காற்றில் எதையோ பிடிக்கும், போர்வையைப் பிய்க்கும், சுவரில் பூச்சி ஓடுகிறது என்று அலறும், பெற்ற தாயையே யார் என்று பார்க்கும். பூச்சிமருந்து குடித்த பிள்ளைக்கு மாற்று மருந்தாகக் கொடுக்கிற அட்ரோபின் கொஞ்சம் கூடிப்போனாலும் இப்படி ஆகும். தோல் வறண்டு, முகம் சிவந்து, உடம்பு சுடும். டாக்டர் மருந்தைக் குறைப்பார், தெளிந்துவிடும். மற்ற நோய்களிலும், தூக்கம் கெட்டு, காய்ச்சலும் மருந்தும் சேர்ந்து மூளை குழம்பிப்போவதால் இது வரும். இது சித்தக் குழப்பம், வைத்தியத்துக்குக் கட்டுப்பட்டது. காத்து கருப்பு எதுவும் இல்லை. திருநீறு வைக்க மனசு விரும்பினால் நர்ஸைக் கேட்டுவிட்டு நெற்றியில் வையுங்கள். வாயில் போடவோ குழாய்ப் பக்கம் கொண்டு போகவோ வேண்டாம்.

சத்தமில்லாத குழப்பமும் உண்டு. பிள்ளை கண் திறந்திருக்கும், ஆனால் வெறித்துப் பார்க்கும். கூப்பிட்டால் ரொம்ப நேரம் கழித்துத் திரும்பும். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இதைக் கண்டுபிடிக்க எட்டுக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தயாரித்து, 2014-ல் சோதனை முடிவை வெளியிட்டார்கள். அதில் முதல் கேள்வியே, தன்னைக் கவனிப்பவரின் கண்ணைப் பிள்ளை பார்க்கிறதா என்பது. இதைத் தாயைவிட முன்னால் யார் கண்டுபிடிக்க முடியும்? "எம்புள்ள பார்வை சரியில்ல சிஸ்டர், இது அவன் பார்வை இல்ல" என்று தோன்றினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்த மருந்துகளை ஐந்து நாளுக்கு மேல் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு கேட்கும். நடுக்கம், வியர்வை, வாந்தி, பேதி, கொட்டாவி, தும்மல், தூக்கமின்மை எல்லாம் வரும். அதற்கும் ஒரு தாளில் எண் போட்டு, மெதுமெதுவாகக் குறைக்கிறார்கள். "புள்ளைக்குப் போதை பழக்கிட்டாங்க" என்று இதை நினைக்கக் கூடாது. உடம்பு பழகியது வேறு, ஆசைப்பட்டுத் தேடுவது வேறு.

நீங்கள் செய்ய வேண்டியது

முதல் நாளே நர்ஸிடம் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். வீட்டில் என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறீர்கள், எந்தக் கை பழக்கம், விரல் சூப்புமா, எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்கும், வலிக்கு "உவ்வா" என்று சொல்லுமா வேறு சொல் சொல்லுமா, மூத்திரம் வந்தால் எப்படிச் சொல்லும். காது மந்தம், பார்வைக் குறை, வலிப்பு மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பிறவியிலேயே கைகால் விறைப்பான பிள்ளையின் விறைப்பை, கலக்கம் என்று அளந்துவிடக் கூடாதல்லவா? பேச வராத பிள்ளை, வளர்ச்சி குன்றிய பிள்ளை என்றால் உங்கள் வாக்குதான் ஆதாரம்.

உள்ளே போகும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காதருகே மெல்லப் பேசுங்கள். தாலாட்டுத் தெரிந்தால் பாடுங்கள், வார்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். உச்சியிலோ உள்ளங்காலிலோ கையை அழுத்தமாக வைத்திருங்கள். பட்டும் படாமலும் தடவுவது சில பிள்ளைகளுக்குக் கூச்சமாகி எரிச்சல் மூட்டும். நினைவு இருக்கிறதா என்று பார்க்கக் கிள்ளுவது, கன்னத்தில் தட்டுவது, உலுக்குவது கூடாது. வாயில் பாலோ தண்ணீரோ விடக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ராத்திரியில் விளக்கைக் குறைக்கச் சொல்லலாம். பகல் இரவு தெரிந்தால் குழப்பம் குறையும்.

அப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை. தாய் உள்ளே, தகப்பன் வெளியே வேப்பமரத்தடியில் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அனுமதி உள்ள நேரத்தில் முறை வைத்துப் போங்கள். உங்கள் குரலும் பிள்ளைக்குத் தெரிந்த குரல்தான். மூன்று ராத்திரி தூங்காத தாயின் கண்ணும் சரியாக அளக்காது, அவளும் சாப்பிட்டுப் படுக்க வேண்டும். அன்றன்று டாக்டர் சொன்னதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே பதிலைச் சொல்ல அது உதவும்.

வீட்டுக்கு வந்த பிறகு சில வாரம் பிள்ளை ராத்திரியில் அலறி எழலாம். விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்பலாம். அம்மா முந்தானையை விடாமல் சுற்றலாம். அடிக்காமல், பயமுறுத்தாமல் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டால் பெரும்பாலும் மெல்லத் தணியும். தூங்குவதற்கென்று கடையில் இருமல் மருந்து வாங்கி ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரியில் குறைத்துக் கொடுத்த மருந்து பாக்கி இருந்தால், சீட்டில் எழுதிய அளவில், எழுதிய நாள்வரை கொடுங்கள். முன்னதாக நிறுத்தவும் வேண்டாம், மேலே நீட்டவும் வேண்டாம். வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் எழாமல் போனாலோ, மூச்சு இழுத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றபடி சந்தேகங்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது எடுத்துக் காட்டுங்கள்.